ப்ளஸ் குறியோடு வந்த கடிதம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. நள்ளிரவில் அல்ல, சுடுகாட்டு ஓரத்தில் அல்ல. பட்டப்பகலில், மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் இருட்டைக் கண்டு மிரளுகிறவள் இல்லை. அவளுக்குச் சட்டென்று வருவது கோபம்தான். அந்த வாரம்தான் முதன்முதலாகப் பயமும் வந்தது. அதுவும் கோபத்துக்குப் பின்னால், மெதுவாக.

அந்தக் கூடத்தில் அவளை எல்லாரும் தபாலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நோயாளிகளின் ரிப்போர்ட் ஊரான் கம்ப்யூட்டரில் கிடக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதால், அங்கே சொந்த சர்வர். ஒன்பது வருடமாக அதை அவள் ஒருத்திதான் கட்டி மேய்க்கிறாள். ஒரு நாள் சர்வர் படுத்தால் நூறு பேர் திட்டுவார்கள். மூவாயிரம் நாள் ஓடினால் ஒருத்தரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்ட வேலை.

சர்வர் இருந்தது பழைய எக்ஸ்ரே அறையில். தரைக்குக் கீழே. கதவிலும் சுவரிலும் ஈயத்தகடு. உள்ளே போனதும் செல்போன் செத்துவிடும். மூன்று பக்கச் சுவருக்கும் அப்பால் வெறும் மண். விசிறிச் சத்தத்தையும் ஏசி சத்தத்தையும் தவிர அங்கே வேறு எதுவும் கேட்காது.

செவ்வாய்க்கிழமை. மணி 3:12. போஸ்ட்மாஸ்டர் பெட்டியில் ஒரு கடிதம் வந்து விழுந்தது.

சொந்தமாக மெயில் சர்வர் நடத்தும் எவரும் அப்படி ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கடிதம் சேராதவர்கள் முறையிட வேறு இடம் கிடையாது. அந்தப் பெட்டியைத் தபாலம்மா மட்டும்தான் பார்ப்பாள்.

"என் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை."

ஒரே வரி. கீழே பெயர் இல்லை.

யாரோ விளையாடுகிறார்களா என்று அவள் முதலில், கடிதம் அந்த விலாசத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் முத்திரைகளைப் பார்த்தாள். எல்லாம் சரி. பெரிய பெரிய கம்பெனிகளே கோட்டைவிடுகிற இடத்தில் இந்த ஆள் ஒன்றுகூடப் பிசகவில்லை. வீட்டிலேயே சொந்த சர்வர் வைத்து நடத்துகிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. நம் இனம் என்று அவளுக்கு ஒரு பிரியம்கூட வந்தது.

அவர் விலாசத்தில் ஒரு ப்ளஸ் குறி இருந்தது. வீட்டின் பெயர், ஒரு ப்ளஸ், பிறகு ஆங்கில எழுத்தில் 'ரத்தம்' என்ற சொல். விவரம் தெரிந்தவர்கள் செய்கிற காரியம் அது. கடைக்கு ஒரு விலாசம், வங்கிக்கு ஒரு விலாசம் என்று ப்ளஸ்ஸுக்குப் பின்னால் வெவ்வேறு சொல் போட்டுக் கொடுப்பார்கள். எவனாவது விலாசத்தை வெளியே விட்டால் எவன் என்று தெரிந்துவிடும். ப்ளஸ் போடுவது முழுக்க முழுக்க விதிப்படி சரி.

நோயாளிகள் பட்டியலில் அந்த விலாசத்தைத் தேடினாள். இல்லை.

ப்ளஸ்ஸையும் அதற்குப் பின்னால் இருந்த சொல்லையும் எடுத்துவிட்டுத் தேடினாள். இருந்தது.

தபாலம்மாவுக்கு உச்சந்தலை சுட்டது. ரத்தம் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் 'அனுப்பியாச்சு' என்று பச்சை நிறத்தில் ஒரு டிக். சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தால், அனுப்பிய இரண்டாவது வினாடியே திரும்பி வந்திருக்கிறது. அப்படி ஒரு விலாசம் இல்லை என்று அவருடைய சர்வர் சொல்லியிருக்கிறது. ப்ளஸ் இல்லாத வெறும் பெயரில் அவர் பெட்டியே வைத்துக்கொள்ளவில்லை.

ரிப்போர்ட்டைத் திறந்தாள். பொட்டாசியம் 7.1. பக்கத்தில் நட்சத்திரக் குறி. ஐந்துக்கு மேல் போனாலே யோசிக்க வேண்டிய எண் அது. ஏழு என்றால் இதயமே நின்றுவிடலாம், அந்த நிமிடமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் போன் போட்டுச் சொல்வார்கள். புது மேனேஜர் வந்த பிறகு எல்லாம் மெயில்தான்.

படியேறி மேலே போனாள். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் அவளை அக்கா என்று கூப்பிடுகிறவள், மூன்று வருடப் பழக்கம். ப்ளஸ் குறி போட்டுப் பதிவு செய்து காட்டச் சொன்னாள் தபாலம்மா. அவள் அடித்தாள். 'செல்லாத விலாசம்' என்று சிவப்பில் வந்தது. இப்படி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, சிவப்பு போகிற வரைக்கும் எதையாவது அழித்துப் பார்ப்பேன் என்றாள் அந்தப் பெண், பாவம், ஒளிக்காமல். வெளியாள் ஒருவன் எழுதிக் கொடுத்த படிவம் அது. ப்ளஸ் ஆகாது. பெயருக்கு நடுவில் கோடு ஆகாது. கடைசிப் புள்ளிக்கு அப்புறம் நாலு எழுத்துக்கு மேல் ஆகாது. தனக்குத் தெரியாததெல்லாம் தப்பு என்று எழுதி வைத்திருந்தான்.

மேனேஜர் தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு அவர் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஒரு ப்ளஸ் குறிதானேம்மா. அதுக்குப் போயி இப்படிப் படியேறி வரணுமா?"

"உங்க வீட்டு நம்பர்ல ஒண்ண விட்டுட்டு, ஒண்ணுதானேன்னு சொன்னா சும்மா இருப்பீங்களா சார்?"

திரும்பி வருகிற கடிதங்களை யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம் என்றாள். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, அதைத் தூக்கிப் போடச் சொல்லி வரி எழுதியதே நீங்கள்தானே என்று கேட்டார்.

அதுதான் அவளைச் சுட்டது. ஏனென்றால் அது உண்மை. பதினான்கு மாதத்துக்கு முன்னால், திரும்பி வரும் கடிதங்கள் பெட்டியை அடைக்கின்றன, வந்ததும் வராததுமாக அழித்துவிடுங்கள் என்று இதே மேனேஜர் உத்தரவு போட்டார். இரண்டு நாள் சண்டை பிடித்தாள். மூன்றாவது நாள் கை ஓய்ந்து, அந்த ஒற்றை வரியை சர்வரில் டைப் அடித்தாள். அவள் விரல்தான் அடித்தது.

கீழே வந்து, ரிப்போர்ட்டை இணைத்து, ப்ளஸ் குறியோடு சரியான விலாசத்துக்குப் பதில் அனுப்பினாள். போகவில்லை. எதிர்ப்பக்கத்தில் அந்த சர்வர் பதிலே சொல்லவில்லை. அரைமணி நேரம் முன்னால் கடிதம் அனுப்பிய சர்வர்... அதற்குள் அணைந்துவிட்டதா?

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கடிதத்தின் மேல் அவர் பக்கத்துத் தேதி எட்டு மாதம் முந்தையதாக இருந்தது. மணி மட்டும் சரி. 3:12. கடிகாரம் கெட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை. 3:12.

"இன்னும் வரவில்லை. கேட்க ஆளே இல்லையா?"

தபாலம்மா உடனே மேலே ஓடி, பதிவில் இருந்த போன் எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள். நடுவயதுக் குரல். பரிசோதனைக் கூடத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, சாரிடம் பேச வேண்டும் என்றாள் இவள்.

"அவர் இல்லையே."

"எப்ப வருவாருங்க?"

"அவர் போய்ச் சேந்து எட்டு மாசம் ஆச்சும்மா."

ரத்தம் கொடுத்த மூன்றாவது நாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னாராம்.

அவருடைய கம்ப்யூட்டரை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டாள் தபாலம்மா. அதை அவர் இறந்த மறுநாளே கழற்றிப் பரணில் போட்டாயிற்று என்றாள் அந்த அம்மா. எதற்குக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டாள். இவள் போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. வீட்டுக்காரர் டயர் கடை வைத்திருப்பவர், எதற்கும் அசராத மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேய்க்கு நெட் கனெக்‌ஷன் கொடுத்தது எந்தக் கம்பெனி என்று கேட்டார். யாரோ அந்த ஆளுடைய மெயில் முத்திரைச் சாவியைத் திருடி விளையாடுகிறார்கள், வயரைப் பிடுங்கிவிட்டால் ஆட்டம் தன்னால் நின்றுவிடும் என்றும் சொன்னார். அவளுக்கும் அது சரியென்றே பட்டது. செத்தவர் பெயரில் விளையாடுகிற அந்த நாயைப் பிடித்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள்.

வியாழக்கிழமை.

3:05. கீழே போனாள். ஈயக் கதவைச் சாத்தினாள்.

3:09. சர்வரின் பின்னால் போய் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. வயரைத் தன் மடியில் போட்டுக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தாள். இப்போது அந்த சர்வருக்கு வெளியுலகம் கிடையாது. உள்ளே எதுவும் வர முடியாது.

3:11. விசிறிச் சத்தம். ஏசி சத்தம்.

பிறகு ஏசி நின்றது.

மின்சாரம் போகவில்லை. விளக்கு எரிந்தது. ஏசி மட்டும் நின்றது. அந்த அமைதியில் இன்னொரு சத்தம் கேட்டது.

டக்...

டக்... டக்...

யாரோ ஒற்றை விரலால் டைப் அடிக்கிற சத்தம். நிதானமாக. ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்து அழுத்துகிற மாதிரி. அவளுக்கு வலது பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது.

அந்தச் சுவருக்கு அப்பால் மண்தான் இருக்கிறது.

3:12. திரையில் ஒரு வரி நகர்ந்தது. கடிதம் வந்துவிட்டது.

அவள் மடியைத் தொட்டுப் பார்த்தாள். வயர் மடியில்தான் இருந்தது.

கடிதத்தில் பேச்சு எதுவும் இல்லை. ஒரே ஒரு மின்னஞ்சல் விலாசம். அவருடையது அல்ல. வேறு யாருடையதோ.

டக்... டக்... டக்...

3:13. இன்னொரு கடிதம். இன்னொரு விலாசம். நடுவில் ஒரு கோடு.

3:14. இன்னொன்று.

எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அடுத்த விலாசம் திரையில் ஏறிவிட்டது. நிமிடத்துக்கு ஒரு கடிதம். நிமிடத்துக்கு ஒரு விலாசம். டைப் அடிக்கும் சத்தம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலமாக விழுந்தது. 3:20-க்கு அது விரல் சத்தம் மாதிரியே இல்லை. குத்துகிற மாதிரி இருந்தது.

கோபம். அந்தக் கோபத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ நாள் அவளே அப்படி அடித்திருக்கிறாள்.

3:25.

சுவரிலிருந்து வந்த சத்தம்... இப்போது சுவரிலிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை.

3:28.

பின்கழுத்தில் மூச்சு இல்லை. சூடு இல்லை. ஒன்றுமே இல்லை. ஆனால் திரையின் கறுப்பில் அவள் தோளுக்கு மேலே...

கண்ணை மூடிக்கொண்டாள்.

டக்.

டக்.

டக்.

3:30.

சத்தம் நின்றது. ஏசி ஓடத் தொடங்கியது.

கண்ணைத் திறந்தாள். பத்தொன்பது கடிதங்கள். கடைசிக் கடிதத்தில் மட்டும் விலாசத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது.

"இதையாவது ஒழுங்காக எழுது."

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு முதல் விலாசத்தை எடுத்தாள். பட்டியலில் தேடினாள். இல்லை. நடுவில் இருந்த கோட்டை எடுத்துவிட்டுத் தேடினாள். இருந்தது. அனுப்பியாச்சு, பச்சை டிக். குறிப்பேட்டில், திரும்பி வந்து அழிக்கப்பட்டது.

இரண்டாவது. மூன்றாவது. பத்தொன்பதும் அப்படித்தான்.

பத்தொன்பது பேர் வராத ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். சிலர் போன வாரம் ரத்தம் கொடுத்தவர்கள். சிலர் ஒரு வருடம் முன்னால். அந்த இடத்தில் பயம் அவளை விட்டுப் போய்விட்டது. பழைய கோபம் திரும்பி வந்தது. வயரைத் திரும்பச் செருகினாள். பதினான்கு மாதம் முன்பு தான் எழுதிய அந்த வரியைத் தேடிப் பிடித்து அழித்தாள். பத்தொன்பது ரிப்போர்ட்டையும் அச்சடித்துக்கொண்டு மேலே போனாள்.

வரவேற்பு மேசைப் போனை இழுத்து வைத்து முதல் எண்ணைச் சுற்றினாள். இரண்டாவது ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் வந்துவிட்டார். போனை வைக்கச் சொன்னார். இப்படிக் கூப்பிட்டுச் சொன்னால் நாமே நம் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், முதலில் பேசி ஒரு முடிவுக்கு வருவோம் என்றார். காத்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

தபாலம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். குரல் உயரவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"போகாத ரிப்போர்ட்ட அனுப்பியாச்சுன்னு எழுதுனது நாம. திரும்பி வந்தத அழிக்கச் சொன்னது நீங்க. அந்த வரிய டைப் அடிச்சது இந்த விரல். இந்தப் பத்தொன்பது பேருக்கும் சொல்லிட்டுத்தான் சார் போனை வைப்பேன். வேலைய விட்டு எடுக்கறதா இருந்தா அதுக்கப்புறம் எடுங்க."

மேனேஜர் பெரிய டாக்டரைக் கூப்பிட உள்ளே போனார். வரவேற்புப் பெண் தபாலம்மாவின் கையிலிருந்த காகிதங்களில் பாதியை உருவிக்கொண்டு, பக்கத்து மேசைப் போனை எடுத்தாள்.

இருட்டுவதற்குள் பத்தொன்பது வீட்டுக்கும் பேசி முடித்தார்கள். பதினான்கு பேருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று பேர் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு வீடுகளில், போனை எடுத்தவர்கள், இனி எதற்கு என்றார்கள்.

பெரிய டாக்டர் மூன்று நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு படிவத்தைத் தூக்கி எறிந்தார்கள். புதிதாக எழுதியது தபாலம்மாவேதான். நோயாளி என்ன விலாசம் சொல்கிறாரோ அப்படியே ஏற்கும். எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கண் முன்னாலேயே ஒரு கடிதம் போய், அவர் வந்ததென்று சொன்ன பிறகுதான் ரத்தம் எடுக்க வேண்டும். நட்சத்திரம் போட்ட ரிப்போர்ட்டுக்குக் கட்டாயம் போன். மேனேஜர் மேல் நடவடிக்கை என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் அவரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அங்கே பெரிய பதவி. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

அடுத்த சனிக்கிழமை தபாலம்மா அந்த வீட்டுக்குப் போனாள். எட்டு மாதம் தாமதமான ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். வீட்டம்மா கதவைப் பாதி திறந்தபடி நின்று, நடந்தது முழுவதையும் கேட்டாள். கடிதங்கள் வந்த கதையை மட்டும் இவள் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தாள் அந்த அம்மா.

"இந்த ஒரு நம்பரா?"

"ஆமாக்கா."

"மூணு நாள் அந்தப் பொட்டி முன்னாடியேதான் உக்காந்திருந்தாரு. நேர்ல போய்க் கேட்டுட்டு வாங்கன்னு நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'அங்க சர்வர யாரோ பொறுப்பா பாத்துக்கறாங்க, அனுப்புனா கண்டிப்பா வரும்'னு சொன்னாரு. அத நம்பித்தான் உக்காந்திருந்தாரு."

தபாலம்மா மன்னிப்பு என்று வாயெடுத்தாள். அந்த அம்மா கையை நீட்டித் தடுத்தாள். அதெல்லாம் கேட்காதே, கொடுக்க எனக்குத் தெரியாது என்றாள். உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிக்கொண்டு வந்தாள். போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர். மேலே தூசி விரல் கனத்துக்கு. மின்சார வயர் தனியாகச் சுருட்டி ரப்பர் போட்டிருந்தது. மகள் கல்யாணப் படமெல்லாம் இதற்குள் மாட்டிக்கொண்டது, எடுத்துக் கொடு என்றாள். அந்த வீட்டில் அவளிடம் கேட்கப்பட்டது அது ஒன்றுதான்.

வீட்டுக்குக் கொண்டு வந்து, டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். முதலில் படங்களை எடுத்து வைத்தாள். அறுநூற்றுச் சொச்சம். ஒன்றும் கெடவில்லை. வேலை முடிந்தது. மூடியிருக்கலாம். மூடவில்லை. அவருடைய மெயில் குறிப்பேட்டைத் திறந்தாள்.

கடைசியாக எழுதப்பட்ட நேரம் எட்டு மாதம் முன்பு, அவர் இறந்த மறுநாள் மாலை 6:40. அதற்குப் பிறகு அந்த டிஸ்க்குக்கு மின்சாரமே போகவில்லை.

அதற்கு மேலே வரிசையாக, பரிசோதனைக் கூடத்தின் போஸ்ட்மாஸ்டருக்கு அனுப்பப்பட்ட கடிதங்கள். இருபத்தொன்று. செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று, வியாழன் பத்தொன்பது. தேதியெல்லாம் அவர் உயிரோடு இருந்த அந்தக் கடைசி மூன்று நாள்.

ஒரு சர்வர் கடிதத்தைப் பெற்றுக்கொண்டால் அனுப்பியவருக்கு ஒரு ரசீது எண் கொடுக்கும். இருபத்தொன்றுக்கும் ரசீது எண் இருந்தது. தபாலம்மா தன் சர்வரின் எண்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள்.

எல்லாம் பொருந்தின. அந்த எண்கள் போன வாரம் அவள் சர்வர் கொடுத்தவை.

இன்னொன்று. அந்தப் பத்தொன்பது பேரில் பதினோரு பேர் ரத்தம் கொடுத்தது அவர் இறந்த பிறகு.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கை நீட்டி அவரே டிஸ்க்கின் வயரைப் பிடுங்கப் போனார். ஒரு நிமிஷம் என்றாள் அவள். கீழே இருபத்திரண்டாவது வரி ஒன்று இருந்தது. அதற்கு ரசீது இல்லை. 'காத்திருக்கிறது' என்று மட்டும் இருந்தது. உள்ளே ஒரு விலாசம்.

நோயாளிகள் பட்டியல் முழுக்கத் தேடினாள். கோட்டை எடுத்துத் தேடினாள், புள்ளியை எடுத்துத் தேடினாள். அப்படி யாரும் வந்ததே இல்லை. அந்த விலாசத்துக்கே எழுதிப் பார்த்தாள். அப்படி ஒரு விலாசம் கிடையாது என்று திரும்பி வந்தது. அதற்கப்புறம் தினம் ஒரு தடவை எழுதினாள். தினமும் திரும்பி வந்தது. மூன்று வாரத்தில் அந்த விலாசம் அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

பிறகு ஒரு திங்கட்கிழமை. காலை 10:20.

ஏதோ வேலையாக மேலே வந்தவள் வரவேற்பு மேசையைத் தாண்டிப் போனாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் பதிவு செய்துகொண்டிருந்தாள். களைப்பாக இருக்கிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது, அதனால் வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேசைப் பெண் வழக்கம்போல அவள் விலாசத்தை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினாள். நடுவில் ஒரு கோடு. கடைசியில் இரண்டு எண்கள்.

தபாலம்மா நின்றுவிட்டாள்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தாள். அதேதான். எழுத்துப் பிசகாமல் அதேதான்.

இந்த விலாசத்தை எவ்வளவு நாளாக வைத்திருக்கிறாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம்தான்க்கா. இங்க கேப்பாங்கன்னு என் தங்கச்சிதான் புதுசா ஆரம்பிச்சுக் குடுத்தா. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லலியே... ஏன், எதாவது தப்பா?"

தப்பு ஒன்றும் இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றாள் தபாலம்மா. குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி 10:26.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் ரத்தமே எடுக்கவில்லை.